ஆலையின் கழிவு வெப்பத்தை ஊர் வெப்பக் குழாயில் சேர்ப்பது எப்படி?

வட ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் வெந்நீர் தெருவுக்கு அடியில் ஓடுகிறது. டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகள் குளிர்காலத்தை இதை நம்பித்தான் கழிக்கின்றன. ஊர் வெப்ப நிலையத்திலிருந்து ஒரு குழாயில் 70, 80 டிகிரியில் நீர் வருகிறது. ரேடியேட்டரையும் குளியல் நீரையும் சூடாக்கிவிட்டு, 40 டிகிரி வரை ஆறி, பக்கத்துக் குழாயில் நிலையத்துக்கே திரும்புகிறது. இந்த நீரைச் சூடாக்க எரிவாயுவையும் மரச் சில்லுகளையும் எரிக்கும் அதே ஊரில், ஓர் ஆலையோ தரவு மையமோ தன் வெப்பத்தை கூலிங் டவர் வழியாக வானத்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் கோர்ப்பதுதான் வேலை.

செய்து காட்டிய இடங்கள் உண்டு. ஹாம்பர்க்கில் ஆவுருபிஸ் செப்பு ஆலை, கந்தக டை ஆக்சைடை கந்தக அமிலமாக்கும்போது எழும் வெப்பத்தை 2018 முதல் அதே நகரின் ஹாஃபென்சிட்டி கிழக்குப் பகுதிக்குக் கொடுக்கிறது. ஹெல்சிங்கியில் காட்ரி வாலா பூங்காவுக்கு அடியில் உள்ள ஹீட் பம்ப் (மின்சாரத்தால் தாழ்ந்த சூட்டை உயர்த்தித் தரும் எந்திரம்) நிலையம் 2006 முதல் சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து சூட்டை இறைக்கிறது. லண்டன் இஸ்லிங்டனில், மூடிக் கிடக்கும் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் காற்றுப் போக்கியிலிருந்து 2020 முதல் வெப்பம் எடுக்கிறார்கள். டென்மார்க்கின் ஓடன்ஸ் நகரில் மெட்டா நிறுவனத்தின் தரவு மையம் ஊர் வெப்ப நிறுவனத்தோடு இணைந்திருக்கிறது. ஜெர்மனியில் சட்டமே பின்னால் நின்று தள்ளுகிறது. 2023-ல் வந்த ஆற்றல் திறன் சட்டம், 2026 ஜூலை முதல் இயங்கத் தொடங்கும் பெரிய தரவு மையங்கள் தங்கள் ஆற்றலில் 10 சதவீதத்தையாவது மறுபயன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடங்குபவைக்கு அது 15, 20 என்று ஏறுகிறது. 2025 மார்ச் முதல் அங்கே புதிதாகப் போடும் வெப்ப வலையமைப்பில் 65 சதவீத வெப்பமாவது புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்தோ தவிர்க்க முடியாத கழிவு வெப்பத்திலிருந்தோ வர வேண்டும்.

திட்டம் போடுபவர்களின் கண் முதலில் ஆலையின் புகைபோக்கி மேல்தான் போகும். ஆனால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது ஊருக்குள்ளிருந்து திரும்பி வரும் குழாய். அங்கிருந்தே தொடங்குவோம்.

## திரும்பும் நீர் எவ்வளவு ஆறியிருக்கிறது?

ஓர் ஆலையில் 75 டிகிரியில் மணிக்கு 12 கன மீட்டர் குளிர்விப்பு நீர் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தின் அளவுக்கு ஒரே சூத்திரம்தான்: கிலோவாட் = மணிக்கு எத்தனை கன மீட்டர் × 1.163 × வெப்பநிலை வித்தியாசம்.

ஊரிலிருந்து திரும்பும் நீர் 40 டிகிரி என்றால், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (இரு நீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி) 5 டிகிரி இடைவெளி விட்டு, ஆலை நீரை 45 வரை ஆற்றலாம். வித்தியாசம் 30 டிகிரி. கிடைப்பது 12 × 1.163 × 30, அதாவது ஏறத்தாழ 420 கிலோவாட். அதே ஊரில் திரும்பும் நீர் 55 டிகிரியில் வந்தால், ஆலை நீரை 60-க்குக் கீழே ஆற்ற வழியில்லை. வித்தியாசம் 15, கிடைப்பது 210 கிலோவாட். ஆலை அதே ஆலை, கருவி அதே கருவி, போட்ட முதலும் அதேதான். வெப்பம் மட்டும் பாதி.

அதனால் முதல் வேலை, வலையமைப்பின் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பது. அனுப்பும் நீர், திரும்பும் நீர், ஓட்டம் இந்த மூன்றுக்கும் ஓராண்டு முழுவதும் மணிக்கொரு தடவை பதிவான எண்கள் வேண்டும். ஆண்டுச் சராசரி உதவாது. ஜனவரியில் 42 டிகிரியில் திரும்பும் நீர் ஜூலையில் 55-ல் திரும்புவது சாதாரணம்: கோடையில் வீடுகள் வெப்பம் எடுப்பதில்லை, குழாயைச் சூடாக வைத்திருக்க மட்டும் நீர் சுற்றி வருகிறது.

அனுப்பும் வெப்பநிலையை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதையும் இதே நேரத்தில் கேளுங்கள். பழைய வலையமைப்புகள் 80–90 டிகிரியில் ஓடும். புதியவை 60–70 போதும் என்று கட்டப்படுகின்றன. அதற்கும் கீழே இறங்க, வெதுவெதுப்பான நீரில் பெருகி நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி தடையாக நிற்கிறது. ஜெர்மன் விதிப்படி, பெரிய குடியிருப்புகளின் வெந்நீர்த் தொட்டியிலிருந்து நீர் 60 டிகிரியில் வெளியேற வேண்டும். சுற்றித் திரும்பும்போது 55-க்குக் கீழே போகக் கூடாது. தொட்டி இல்லாமல், தேவைப்படும்போது மட்டும் சூடாக்கும் சிறிய பிளேட் எக்ஸ்சேஞ்சர் உள்ள தனி வீடுகளில் இந்த நெருக்கடி குறைவு.

## ஆலையில் அளப்பது

ஆலைப் பொறியாளர் வாய்மொழியாகச் சொல்லும் எண்ணை வைத்து எக்ஸ்சேஞ்சர் வாங்காதீர்கள். எந்திரத்தின் பெயர்ப் பலகையில் இருப்பது அதன் உச்சத் திறன். ஆண்டில் எத்தனை மணி நேரம் அந்த உச்சத்தில் ஓடுகிறது என்பது வேறு கதை. சனி, ஞாயிறு, இரவு ஷிஃப்ட், ஆகஸ்ட் விடுமுறை, ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் பதிவில் தெரிய வேண்டும். குறைந்தது ஒரு குளிர்காலம் முழுக்க, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பதியுங்கள்.

ஓட்டத்துக்கு, குழாயை வெட்டாமல் வெளியே மாட்டும் அல்ட்ராசோனிக் மீட்டர் போதும். ஆனால் அதற்கு முன்னே குழாய் விட்டத்தைப் போல பத்து மடங்கும் பின்னே ஐந்து மடங்கும் நேர்க்குழாய் வேண்டும். வளைவுக்கு அருகில், பம்பின் வாயருகே, காற்றுக் குமிழி தங்கும் உச்சியில் மாட்டினால் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். நீரில் கிளைக்கால் (glycol, உறையாமலிருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்திருந்தால் மேலே சொன்ன 1.163 பொருந்தாது, 30 சதவீத எத்திலீன் கிளைக்கால் கலவைக்கு ஒரு கன மீட்டர் சுமக்கும் வெப்பம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும்.

வெப்பநிலை சென்சாரை குழாய்க்கு வெளியே டேப் போட்டு ஒட்டுவது எல்லோரும் செய்யும் காரியம். அது உண்மையைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைத்தே காட்டும். முழு வித்தியாசமே 8 டிகிரி உள்ள தரவு மைய நீரில் ஒரு டிகிரி பிழை என்றால் கணக்கில் 12 சதவீதம் ஓட்டை. குழாய்க்குள் இறங்கும் உறையில், வெப்பப் பசை தடவி, ஜோடியாக அளவுதிருத்தம் செய்த இரண்டு சென்சார்களை வையுங்கள்.

எந்த மூலத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்குச் சில அடையாளங்கள். எண்ணெய் ஊற்றி ஓடும் ஸ்க்ரூ வகைக் காற்று கம்ப்ரெசர் வாங்கும் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதன் எண்ணெய்ச் சுற்றிலேயே 60–70 டிகிரி நீராக எடுக்கலாம். இருப்பதிலேயே எளிய மூலம் இதுதான். குளிர்பதனக் கிடங்கிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கம்ப்ரெசரை விட்டு வெளியேறும் வாயுவின் மேல்சூடு மட்டும்தான் உயர்ந்த வெப்பநிலையில் கிடைக்கும், மொத்தத்தில் சிறு பங்கு. மீதியெல்லாம் 25–35 டிகிரி. பேக்கரி, வறுவல் ஆலைகளின் புகையில் கொழுப்பு ஆவி இருக்கும். எக்ஸ்சேஞ்சரின் மேற்பரப்பில் பிசினாக ஒட்டும், கழுவும் வசதி இல்லாமல் வைத்தால் சில மாதங்களில் அடைத்துவிடும். எரிவாயுப் புகையை 55 டிகிரிக்குக் கீழே ஆற்ற முடிந்தால் அதிலுள்ள நீராவி ஒடுங்கி நிறைய வெப்பம் தரும். எரிபொருளில் கந்தகம் இருந்தாலோ நேர்மாறு: 120–150 டிகிரிக்குக் கீழே போனால் அமிலம் படிந்து எஃகைத் தின்னும்.

ஒரு கேள்வியை இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஆலை தன் வெப்பத்தைத் தானே குறைத்துக்கொள்ளவோ உள்ளேயே பயன்படுத்திக்கொள்ளவோ முடியுமா? முடியும் என்றால், இன்றில்லாவிட்டாலும் மூன்று ஆண்டில் ஒரு புது மேலாளர் வந்து அதைச் செய்வார். உங்கள் குழாயில் வெப்பம் நின்றுபோகும். செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பிறகும் மிஞ்சுவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

## நேரடியாகவா, ஹீட் பம்ப் வைத்தா?

ஆலை நீர், ஊருக்கு அனுப்ப வேண்டிய வெப்பநிலையைவிட 3–5 டிகிரி மேலே இருந்தால் பிளேட் எக்ஸ்சேஞ்சர் ஒன்றே போதும். முன்னே சொன்ன 420 கிலோவாட் உதாரணத்தில், ஒரு பக்கம் 75-லிருந்து 45, மறுபக்கம் 40-லிருந்து 70. எங்கு பார்த்தாலும் 5 டிகிரி இடைவெளி. சுத்தமான நீருக்கு ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரிக்கு 4000 வாட் கடக்கும் என்று கொண்டால் 21 சதுர மீட்டர் பிளேட் தேவை. இடைவெளியை 3 டிகிரியாகக் குறைத்தால் 35 சதுர மீட்டர். பிளேட் மலிவு, வெப்பம் விலை உயர்ந்தது. இங்கே கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நீரில் குளோரைடு அதிகம் என்றால் சாதாரண துருப்பிடிக்காத எஃகில் ஊசித் துளை விழும். டைட்டானியம் பிளேட் கேளுங்கள். ஆலைப் பக்கம் அரை மில்லிமீட்டர் வலைகொண்ட ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கட்டாயம்; அதற்கு இருபுறமும் அழுத்தமானி வைத்தால் அடைப்பை முன்கூட்டியே காணலாம்.

அமிலம், எண்ணெய், உணவுப்பொருள் ஓடும் சுற்றை ஊர் நீரோடு ஒரே பிளேட்டில் சந்திக்க விடக் கூடாது. நடுவே இன்னொரு நீர்ச்சுற்று வையுங்கள், அதில் கசிவு கலந்தால் காட்டிக்கொடுக்க மின்கடத்து அளவி ஒன்றும். கூடுதலாக 3–5 டிகிரி இழப்பீர்கள், ஆனால் ஒரு துளையால் ஊர் முழுக்கக் கெடாது. பின்லாந்தில் வெப்ப வலையமைப்பின் நீருக்குப் பைரனின் என்ற பச்சைச் சாயம் கலக்கிறார்கள். குளியலறைக் குழாயில் பச்சை நீர் வந்தால் எந்த எக்ஸ்சேஞ்சர் ஓட்டை என்று வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும்.

மூலம் 25–35 டிகிரி என்றால் ஹீட் பம்ப். தரவு மையம் ஒன்று 600 கிலோவாட் வெப்பத்தை 32 டிகிரி நீராகத் தருகிறது, அதை 24-க்கு ஆற்றித் திருப்பித் தர வேண்டும் என்று கொள்வோம். எந்திரத்துக்குள் குளிர்பொருள் ஆவியாகும் பக்கம் 20 டிகிரி, ஒடுங்கும் பக்கம் 72 டிகிரி. ஒடுங்கும் பக்கத்தின் 345 கெல்வினை (72 + 273) இரு பக்க இடைவெளியான 52-ஆல் வகுத்தால் 6.6. அது கோட்பாட்டு உச்சம். நல்ல பெரிய எந்திரம் அதில் 60 சதவீதத்தைத் தொடும். ஆக, ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு வெப்பம். 600 கிலோவாட் கழிவு வெப்பத்தோடு 200 கிலோவாட் மின்சாரம் சேர்ந்து 800 கிலோவாட்டாக ஊருக்குப் போகிறது. அனுப்பும் நீரை 70-லிருந்து 65-ஆகக் குறைத்தால் இந்த நான்கு 4.3 ஆகும். ஒவ்வொரு டிகிரியும் மின்கட்டணத்தில் தெரியும்.

இந்த அளவுக்கு அமோனியா எந்திரங்களே அதிகம் பயனில் உள்ளன. திறன் நல்லது, குளிர்பொருள் மலிவு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃப்ளோரின் வாயுக் கட்டுப்பாடுகள் இதைத் தொடாது. நச்சு என்பதால் தனி அறை, வாயு உணரி, தானியங்கிக் காற்றுப் போக்கி, அண்டை வீடுகளிலிருந்து தூரம் எல்லாம் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு எந்திரம் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் திரும்பும் நீர் 35 டிகிரிக்கு மேல் வந்தால் அதன் திறன் சரியும். ஊரின் திரும்பும் நீரைக் கட்டுக்குள் கொண்டுவராமல் அதை வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

## வலையமைப்பில் எந்த இடத்தில் கோர்ப்பது

மூன்று வழி உண்டு. திரும்பும் குழாயிலிருந்து நீரை எடுத்து, சூடாக்கி, அனுப்பும் குழாயில் தள்ளுவது முதல் வழி. பெரும்பாலும் இதுவே சரி. திரும்பும் குழாயில் எடுத்துத் திரும்பும் குழாயிலேயே விடுவது ஆலைக்காரருக்குச் சுகம், ஏனென்றால் பம்புக்கு வேலை குறைவு, 55 டிகிரி நீரே போதும். வலையமைப்புக்கு அது தலைவலி: நிலையத்துக்குப் போகும் நீர் சூடாகி, அங்குள்ள புகை ஒடுக்கியின், ஹீட் பம்பின் திறனைத் தின்றுவிடும். ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் பிடுங்கும் கணக்கு. அனுப்பும் குழாயில் எடுத்து அங்கேயே கூடுதல் சூடேற்றி விடுவது, நிலையத்தின் நீர் போதுமான சூடில்லாத அபூர்வ இடங்களுக்கு மட்டும்.

முதல் வழியில் பம்ப் தேர்வுதான் கண்ணி. அந்த இடத்தில் அனுப்பும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசத்தை உங்கள் பம்ப் வெல்ல வேண்டும். அது கோடையில் அரை பார் (அழுத்த அலகு) இருக்கலாம், ஜனவரிக் காலையில் நிலையத்துக்கு அருகே 4, 5 பாராகலாம். ஒரு நாள் அளந்து வாங்கிய பம்ப் குளிர் உச்சத்தில் ஒரு சொட்டும் தள்ளாது. அன்றுதான் ஊருக்கு வெப்பம் அதிகம் வேண்டும். ஓராண்டின் உச்ச வித்தியாசத்தைக் கேட்டு, எக்ஸ்சேஞ்சர், வால்வு, கிளைக்குழாய் இழப்புகளைக் கூட்டி, வேகம் மாற்றும் டிரைவோடு வாங்குங்கள். பின்னோட்டம் தடுக்கும் வால்வு மறக்கக் கூடாத சிறு உருப்படி.

ஓட்டக் கட்டுப்பாட்டை வெளியேறும் நீரின் வெப்பநிலையோடு கட்டுங்கள். இலக்கு 70 என்றால், 70 குறையும்போது பம்ப் மெதுவாகி, ஏறும்போது வேகமெடுக்கும். 67-க்குக் கீழே போனால் மூன்று வழி வால்வு நீரை ஊருக்குள் விடாமல் எக்ஸ்சேஞ்சருக்கே சுற்றி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அருகிலுள்ள பத்துப் பதினைந்து வீடுகளுக்குத்தான் முதலில் வெதுவெதுப்பு நீர் போகும். புகாரும் அங்கிருந்தே வரும். ஆலைப் பக்கத்தில் பழைய கூலிங் டவரைக் கழற்றாதீர்கள். மின்சாரம் நின்றால், அல்லது ஊர் வெப்பம் வேண்டாம் என்றால், ஸ்பிரிங் விசையால் தானாகத் திரும்பும் வால்வு ஆலை நீரை டவருக்கு விட வேண்டும். ஊர்க் குழாய் பழுதானதால் உற்பத்தி நின்றது என்று ஒரே ஒரு முறை நடந்தால் போதும், ஆலை நிர்வாகம் அடுத்த முறை கதவைத் திறக்காது.

இரண்டு மூலங்கள் இரு முனையிலிருந்து தள்ளும்போது நடுவில் எங்கோ இரு நீரும் சந்திக்கும். அந்த இடம் பகலில் ஒரு தெருவிலும் இரவில் இன்னொரு தெருவிலும் நகரும். இரு மூலத்தின் வெப்பநிலையும் 10, 15 டிகிரி வேறுபட்டால், அந்தத் துண்டுக் குழாய் நாளுக்கு இருமுறை நீண்டு சுருங்கி, வெல்டிங்கும் கிளை இணைப்பும் களைக்கும். இரு இடத்திலும் ஒரே இலக்கு வெப்பநிலை வைப்பதே எளிய தீர்வு. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் கருவியோ வலையமைப்பு முழுமைக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆலையில் இன்னொன்று வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

## குழாயும் நீரும்

800 கிலோவாட்டை 70/40-ல் (70-ல் அனுப்பி, 40-ல் திரும்ப) கொண்டுபோக மணிக்கு 23 கன மீட்டர் வேண்டும். 80 மி.மீ. குழாயில் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகம். மீட்டருக்கு 160 பாஸ்கல் அளவில் இழப்பு, சரியான அளவு. திரும்பும் நீர் 50-ல் வந்தால் அதே வெப்பத்துக்கு 34 கன மீட்டர். இழப்பு இருமடங்குக்கு மேல். 100 மி.மீ. போட வேண்டிவரும்.

பாலியூரித்தேன் நுரை நிரப்பி, மேலே பாலிஎத்திலீன் உறை போட்ட எஃகுக் குழாய்கள் (ஐரோப்பியத் தரம் இ.என். 253) 120 டிகிரியில் 30 ஆண்டு தாங்கும்படி செய்யப்படுகின்றன. எஃகு 10-லிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் 100 மீட்டருக்கு 84 மி.மீ. நீளும். வளைவுகளில் மென்மெத்தை வைத்து அந்த அசைவுக்கு இடம் விடுங்கள். மண்ணில் கல் கலக்காத மணல்தான் குழாயைச் சுற்றி. குழாய் எங்கே கெடும் என்று கேட்டால், பெரும்பாலும் மூட்டில்: ஒவ்வொரு மூட்டு உறையையும் நுரை ஊற்றுமுன் 0.2 பார் காற்று ஏற்றி, சோப்பு நீர் தடவிச் சோதிக்க வேண்டும். மழை நாளில், ஈரம் துடைக்காமல் மூடிய மூட்டு இரண்டு ஆண்டில் நுரையை நனைத்துவிடும். நுரைக்குள் ஓடும் கசிவுணர் கம்பிகளை ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள்; எல்லாம் மூடிய பிறகு பார்த்தால் எந்த மூட்டு என்று தெருவெல்லாம் தோண்டித் தேட நேரும்.

நிரப்பும் நீர் குடிநீராக இருக்கக் கூடாது. உப்பு நீக்கி, மின்கடத்து சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே, பி.எச். 9–10, ஆக்சிஜன் நீக்கியது. சுண்ணாம்பு கலந்த நீரை அவசரத்துக்கு நிரப்பினால் அது எக்ஸ்சேஞ்சரின் சூடான பிளேட்டில்தான் போய்ப் படியும்.

## தொட்டி, மாற்று பாய்லர்

250 வீடுகள், வீட்டுக்கு ஆண்டுக்கு 18 மெகாவாட் மணி, 5 கிலோமீட்டர் குழாய் உள்ள ஒரு சிற்றூரை எண்ணிப் பாருங்கள். தேவை 4,500 மெகாவாட் மணி. குழாயிலேயே 1,100 இழக்கும், மொத்தம் 5,600. குளிர் உச்சத்தில் 2.2 மெகாவாட் கேட்கும், கோடையிலோ வெறும் 200 கிலோவாட். மேலே சொன்ன 800 கிலோவாட் தரவு மையம் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான், ஆனால் ஆண்டு வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கொடுத்துவிடும். இன்னும் பெரிய மூலத்தைப் பிடிக்க ஆசைப்படுவதற்கு முன் இந்த எண்களைப் பாருங்கள். கூடுதல் கிலோவாட் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே வேலை செய்யும். உச்சத்துக்கான பாய்லர் மட்டும் முழு 2.2 மெகாவாட்டுக்கும் இருக்கட்டும். ஆலை மூடப்படலாம், தீப்பிடிக்கலாம், வேலைநிறுத்தம் வரலாம். மைனஸ் பத்து டிகிரியில் ஊர் உறையக் கூடாது.

தொட்டி ஒரு கன மீட்டருக்கு, 30 டிகிரி வித்தியாசத்தில், 35 கிலோவாட் மணி பிடிக்கும். 200 கன மீட்டர் தொட்டி 7 மெகாவாட் மணி: மேற்சொன்ன தரவு மையத்தின் ஓர் இரவு உற்பத்தி. காலை ஆறு மணிக்கு எல்லோரும் குளிக்கும் வேளையை அது சமாளிக்கும்; மின்சாரம் விலையேறும் மணிகளில் ஹீட் பம்பை நிறுத்தவும் வழி தரும். உயரமாக, ஒல்லியாகக் கட்டுங்கள். மேலும் கீழும் தட்டு வைத்து நீரை மெதுவாகப் படரவிடுங்கள். வேகமாக உள்ளே பாய்ந்தால் சூடும் குளிரும் கலந்து, தொட்டி நிறைய 55 டிகிரி நீர் மிஞ்சும். அது யாருக்கும் பயன்படாது. கோடை வெப்பத்தைக் குளிர்காலத்துக்குச் சேமிக்கும் ஆசை வந்தால், டென்மார்க்கில் வோயென்ஸ் ஊர் சூரிய வெப்பத்துக்காகத் தோண்டிய குழி 2 லட்சம் கன மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். 250 வீட்டு ஊர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

## ஒப்பந்தம்

எல்லை எங்கே என்பதை ஃப்ளான்ஜ் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) எண் வரை எழுதுங்கள்: ஆலைச் சுற்றும் எக்ஸ்சேஞ்சரும் யாருடையவை, எந்த போல்ட்டிலிருந்து ஊருடையது. விலையை வெறும் மெகாவாட் மணிக்குப் பேசாதீர்கள். வெப்பநிலையும் பருவமும் சேர வேண்டும். ஜூலையில் வரும் வெப்பத்துக்கு ஜனவரி விலை கொடுத்தால் கணக்கு உதைக்கும். ஆலை முழு ஆண்டும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் கையெழுத்து கிடைக்காது; திட்டமிட்ட நிறுத்தங்களை முன்கூட்டியே சொல்வது, நடு ஆண்டுகளில் வெளியேறினால் குழாயின் மிச்ச மதிப்பை ஈடுகட்டுவது, இந்த இரண்டையும் வாங்கினால் போதும். ஜெர்மனியில் பி.இ.டபிள்யூ. (BEW) என்ற மத்திய உதவித்திட்டம் முதலீட்டில் 40 சதவீதம் வரை தருகிறது. விண்ணப்பிக்கும் முன் வேலையை ஒப்படைத்துவிட்டால் உதவி போய்விடும்.

## ஓட்டிப் பார்க்கும் நாள்

வெல்டிங் துகளும் மணலும் எக்ஸ்சேஞ்சருக்குள் போகாதபடி முதலில் அதை விலக்கி, குழாயை வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நீர் தெளியும் வரை அலசுங்கள். இயக்க அழுத்தத்தின் 1.3 மடங்கில் குளிர்நீர்ச் சோதனை. பிறகு மெதுவாகச் சூடேற்றம். ஒரே மணியில் 70-க்குப் போவது வளைவுகளைப் பதம் பார்க்கும். எக்ஸ்சேஞ்சரின் இரு பக்க வெப்ப மீட்டரும் ஒன்றுக்கொன்று 3–5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் சென்சார்கள் இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு பக்கத்தில் கிளைக்கால் கலந்திருப்பதை மீட்டரில் பதியாமல் விட்டிருப்பார்கள். கடைசியாக, ஆலையை நிஜமாகவே நிறுத்திப் பாருங்கள்: மின்சாரத்தைத் துண்டித்தால் வால்வு டவர் பக்கம் போகிறதா, பாய்லர் எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது? இதை அக்டோபரில் செய்துவிடுங்கள்.

## பிறகு வீடு வீடாக

ஓட்டம் சீரான பிறகு, திரும்பும் நீரைக் குறைக்கும் வேலை தொடங்குகிறது. எல்லா வீட்டுக்கும் போகத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டு மீட்டரிலும் ஒரு மாத வெப்பமும் கடந்த நீரின் அளவும் இருக்கும். இலக்கு 70/35 என்று வைத்து, அந்த வெப்பத்துக்கு எவ்வளவு நீர் போதும் என்று கணக்கிட்டு, உண்மையில் போனதிலிருந்து கழியுங்கள். ஜனவரியில் 1.5 மெகாவாட் மணி எடுத்த வீட்டில் நீர் 55-ல் திரும்பினால் 86 கன மீட்டர் போயிருக்கும், 37 போதும், மிகை 49. இந்த மிகையை வைத்து எல்லாக் கட்டடங்களையும் வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் சிலவே ஊரின் திரும்பும் நீரைக் கெடுப்பவை. பெரும்பாலும் பள்ளி, பழைய அடுக்குமாடி, திருச்சபை மண்டபம் போன்ற பெரிய கட்டடங்கள்.

அங்கே போனால் காண்பது திரும்பத் திரும்ப ஒன்றேதான். கழன்றுபோன தெர்மோஸ்டாட் தலை. யாரோ பழுதுபார்த்துவிட்டு மூட மறந்த பைபாஸ் வால்வு. சுண்ணாம்பு பிடித்த வெந்நீர்த் தொட்டிச் சுருள்: அது ஆறாத நீரை அப்படியே திருப்பி அனுப்புகிறது. ரேடியேட்டர் எல்லாவற்றையும் வரிசையாக ஒரே குழாயில் கோர்த்த பழைய வயரிங் போன்ற அமைப்பு. இதைச் சரிசெய்ய மட்டும் பணம் வேண்டும். மற்றவை பிளம்பர் ஒரு பிற்பகலில் முடிப்பவை. டென்மார்க்கில் பல வெப்ப நிறுவனங்கள் இதைக் கட்டணத்திலேயே வைத்திருக்கின்றன: நீரை நன்றாக ஆற்றித் திருப்புபவருக்குச் சலுகை, சூடாகத் திருப்புபவருக்குக் கூடுதல் கட்டணம். கட்டணச் சீட்டு வந்த மறுவாரம் பிளம்பருக்குத் தொலைபேசி போகும்.

கோடைக்கு இன்னொரு இடம் பார்க்க வேண்டும்: தெருக்கோடிகளில் குழாய் ஆறாமலிருக்க அனுப்பும் குழாயையும் திரும்பும் குழாயையும் இணைக்கும் சிறு பைபாஸ். பல ஊர்களில் அது கையால் திருகிய சாதாரண வால்வாக, ஆண்டு முழுக்கத் திறந்தே கிடக்கும். அதை எடுத்துவிட்டு, நீர் 50–55 டிகிரிக்குக் கீழே ஆறினால் மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைப் போடுங்கள். எந்தத் தெருக்கோடியில் எத்தனை டிகிரிக்கு வைத்தீர்கள் என்பதை வரைபடத்தில் குறித்து வையுங்கள். அடுத்து வருபவர் புகார் ஒன்றுக்காக அதை முழுக்கத் திறந்துவிட்டுப் போவார், மறுபடி மூட யாராவது தேடி வர வேண்டியிருக்கும்.